ஆறாம் வகுப்புக் கட்டடம்

கோவையின் நடுவே, எல்.கே.ஜி. முதல் பிளஸ் டூ வரைக்குமான பள்ளி வளாகத்தை வடிவமைத்தவள் திலோத்தமை. அங்கே சுவர்கள் பிள்ளைகளோடு பேசும். அவள் மகள் இதழினி அங்கேதான் ஐந்தாம் வகுப்பு படித்தாள்.

"ஏன் கண்ணு, அழுதியா?"

"சுவர்கிட்ட சொல்லிட்டேம்மா. சரியாயிடுச்சு."

திலோத்தமைக்கு வயிறு எரிந்தது. ஆறாம் வகுப்புக்கான புதிய கட்டடத்தின் வரைபடத்தில் சுவர்களை ஊமையாக்கினாள். இனி எல்லாவற்றையும் தன்னிடம்தானே சொல்லியாக வேண்டும்?

வகுப்பு மாறிய முதல் நாள், பள்ளி விட்டும் மகளைக் காணோம். தேடிப்போனாள். குழந்தைகள் போய்விட்ட எல்.கே.ஜி. அறையில், குட்டி நாற்காலியில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து, இதழினி சுவரில் கன்னம் பதித்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

அம்மாவைக் கண்டதும் பேச்சை நிறுத்திக்கொண்டாள்.