மறுபடி செய்யாதவர்கள்

ஞானசேகரன் என் எதிரே உட்காரத் தயங்கினார். ஜெயில் வார்டர் அதட்டிய பிறகுதான் நாற்காலி நுனியில் ஒட்டிக்கொண்டார்.

குறிஞ்சிப்பாடிப் பக்கத்து ஆள். பெற்ற மகளைக் கொன்றவர். மூத்தவள் எழிலரசி காலனிப் பையனைக் கட்டிக்கொண்டாள், அதற்காக.

கூலிக்குக் கொன்றவர்களையும் சொந்த ரத்தத்தைக் கொன்றவர்களையும் ஒப்பிடுவதுதான் என் ஆராய்ச்சி. கூலிக்காரன் வெளியே போனால் மறுபடி கத்தி எடுப்பான், சொந்தத்தைக் கொன்றவன் எடுக்க மாட்டான் என்பார் சிதம்பரத்தில் என் கைடு. ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு சொல்வார்.

எனக்கு அதை இந்த மனுஷன் வாயால் கேட்டாக வேண்டும். பொங்கலுக்குப் பரோலில் வருகிறார்.

கூலிப்படை ஆட்கள் என்னிடம் எகிறினார்கள், இளித்தார்கள். இவர் அப்படியில்லை. அதுதான் பயமாக இருந்தது.

“சாப்பிட்டியாம்மா?” என்றார். “எந்தூரு?”

“புவனகிரி.”

“புவனகிரில எங்க?”

அந்தக் கேள்வி எதற்கென்று எங்கள் தெருவில் ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக்கும் தெரியும். பஸ் ஸ்டாண்டுகிட்ட என்றேன். பஸ் ஸ்டாண்டு எல்லாருக்கும் பொது.

இதற்கு மேல் சுற்றி வளைக்க முடியவில்லை. நேராகக் கேட்டுவிட்டேன்.

“மறுபடியும் அப்படிச் செய்வீங்களா?”

பதறிப்போனார். கண் கலங்கியது. நடிப்பில்லை. நடிப்பு எப்படி இருக்கும் என்று இந்தக் கட்டடத்துக்குள் நிறையவே பார்த்துவிட்டேன்.

“ஐயோ, இன்னொரு தடவையா? அதுக்கு அவசியமே வராதும்மா. சின்னவ இலக்கியா தங்கம். உங்க சிதம்பரத்துலதான் படிக்குது. தல நிமிந்து ஒருத்தனப் பாக்காது.”

செய்ய மாட்டார் என்று எழுதிக்கொள்ளலாம். கைடுக்கு அது போதும். பேனாவைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன்.

“அவளப் பாத்தா அப்பா கேட்டேன்னு சொல்லும்மா” என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

வெளியே வந்தேன். கேப்பர் மலை இறக்கத்தில், பஸ் நிற்கும் இடத்தில் இலக்கியா உட்கார்ந்திருந்தாள். கூட வந்தவள், உள்ளே மட்டும் வர மாட்டேன் என்றுவிட்டாள்.

துப்பட்டாவுக்குள் கையை விட்டு மஞ்சள் கயிற்றை இறுக்கிப் பிடித்திருந்தாள். போன வாரம் என் தம்பி அன்பரசு கட்டியது.

என்னைப் பார்த்ததும் எழுந்து ஓடி வந்தாள்.

“அப்பா ரொம்ப எளச்சிட்டாராக்கா?”