கசிவு

வென்டிலேட்டர் கத்தியதும் நர்ஸ் ஓடிவந்தாள்.

கண்ணாடிப் பெட்டிக்குள் குழந்தை கையை உதறிக்கொண்டிருந்தது. காலையில்தான் வேறு ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்திருந்தார்கள். வாயில் செருகிய குழாயின் ஓரமாக மெல்லிய கீச்சொலி.

“கேட்டியா? குட்டிப்பயலுக்குக் குரல் வந்துடுச்சு!”

அம்மாவிடம் சொல்லிக்கொண்டே அப்பா பதிவு செய்யப் போனை எடுத்தான்.

நர்ஸுக்கு அது கசிவு. குழாயைச் சுற்றி, தொண்டைக்குள் அடைத்து நிற்கும் சின்ன பலூன் தளர்ந்திருந்தது. நுரையீரலுக்குப் போகவேண்டிய காற்று பக்கவாட்டில் நழுவி வெளியே வந்தது.

வழக்கமாக அம்மாக்கள் கெஞ்சுவார்கள். கொஞ்ச நேரம் கேட்டுக்கறேனே என்பார்கள். அதற்கான பதிலை நர்ஸ் மனதுக்குள் தயாராக வைத்திருந்தாள்.

இந்த அம்மா அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். “அடைங்க சிஸ்டர். சீக்கிரம் அடைங்க!”

பலூனிலிருந்து வாய்க்கு வெளியே நீண்ட மெல்லிய குழலின் நுனியில் அழுத்தமானியை மாட்டி, நர்ஸ் துளித்துளியாகக் காற்றை ஏற்றினாள். முள் நகர்ந்தது. அலாரம் ஓய்ந்தது.

கீச்சொலி மெலிந்தது. முழுசாக நிற்கவில்லை.

“இன்னும்,” என்றாள் அம்மா.

முள் பச்சைக் கோட்டின் விளிம்பில் நின்றது. இதற்கு மேல் ஏற்றினால் அந்தத் துளியூண்டு தொண்டை உள்ளே புண்ணாகிவிடும்.

“போதும்மா. இவ்வளவு கசிஞ்சா பரவாயில்ல.”

அம்மா கதவுவரை போனாள். திரும்பி வந்தாள். காதைப் பொத்திக்கொண்டு மறுபடி போனாள்.

பெற்ற பிள்ளையின் சத்தம் இவளுக்கு இவ்வளவு கசக்குமா? நர்ஸுக்குச் சுள்ளென்று வந்தது. முகத்திலும் தெரிந்திருக்க வேண்டும்.

அப்பா போனைப் பைக்குள் போட்டுவிட்டு, நர்ஸ் பக்கம் குனிந்தான்.

“ரெட்டைப் பிள்ளைங்க சிஸ்டர். மூத்தவன் பிறந்ததும் வீல்னு கத்தினான். அவன் அழுதுட்டான், இனி பயமில்லன்னு சொல்லி, எல்லாரும் அழாத இவனையே சுத்தி நின்னோம்.”

அவன் கதவுப் பக்கம் பார்த்தான்.

“திரும்பிப் பார்த்தப்போ மூத்தவன்கிட்ட சத்தமே இல்ல, மூச்சும் இல்ல.”

நர்ஸ் நாற்காலியைப் பெட்டியோடு ஒட்டி இழுத்துப்போட்டாள். கதவருகில் போய், காதைப் பொத்தியிருந்த அந்தக் கைகளை மெதுவாகப் பிடித்து அழைத்து வந்தாள்.