தறிக்குழியை விட்டு எழுந்தவர்

"எழுந்தியா, இல்லியா? அத மட்டும் சொல்லு கைலாசம்."

மாணிக்கவேல் கேட்டதும் தெருவே மூச்சை அடக்கிக்கொண்டது. அடக்குவதற்கு மூச்சு மிச்சம் இருந்தவர்கள் அடக்கினார்கள்; மற்றவர்களுக்கு முந்தின நாள் சாயங்காலமே அது போய்விட்டது. உலகக் கோப்பை அரையிறுதியில் மூன்றே ரன்னில் தோற்று இந்தியா வெளியேறிவிட்டது.

பிள்ளையார்பாளையத்தில் காலையிலிருந்து ஒரு தறியும் ஓடவில்லை. பால் பொங்க மறுத்தது. சேவல்கள் கூவ வாயைத் திறந்து, இனி எதற்கு என்று மூடிக்கொண்டன. பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு மாப்பிள்ளை தாலி கட்டும்போது ஓவென்று அழுதானாம். பெண் வீட்டார் பதறிப்போய் விசாரித்தால், "கடைசி ஓவர்" என்றானாம்.

மாணிக்கவேல் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர். அன்று அவர் முகமே சாயத்தொட்டியில் முக்கி எடுத்ததுபோல் கறுத்திருந்தது.

"வாயத் தொறந்து சொல்லுபா."

கைலாசம் தலையைக் குனிந்தார். "எழுந்தேன்."

கூட்டத்தில் நாலைந்து பேர் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

கைலாசம் எழுந்ததற்கும் இந்தியா தோற்றதற்கும் என்ன சம்பந்தம் என்று அந்தத் தெருவில் கேட்டால் அடி விழும். பல வருஷத்துக்கு முன்னால் இந்தியா முழுகிக்கொண்டிருந்த ஒரு மேட்ச். பார்க்கச் சகிக்காமல் கைலாசம் தன் தறிக்குழியில் இறங்கி ஊடுநூல் ஓட்டும் நாடாவை ஒரு எறி எறிந்தார். அங்கே சிக்ஸர் பறந்தது. தண்ணீர் குடிக்க எழுந்தார், விக்கெட் விழுந்தது. ஓடிப்போய் உட்கார்ந்தார், பவுண்டரி. அன்றோடு தெரு முடிவு கட்டிவிட்டது.

அதிலிருந்து இந்தியா ஆடும் நாளெல்லாம் தெருவே இளைஞன் லோகேஷ் வீட்டு டிவி முன்னால் உட்கார, கைலாசம் மட்டும் தன் வீட்டுத் தறியில் உட்கார வேண்டும். வேளாவேளைக்குக் காபி வரும், வடை வரும், விசிறிவிட ஆள் வரும். கொல்லைப்பக்கம் போவதென்றால் மட்டும் ட்ரிங்க்ஸ் பிரேக் வரை பொறுக்க வேண்டும். இந்தியா ஜெயித்தால் முதல் மாலை கைலாசம் கழுத்தில்தான்.

அவர் நெய்த புடவையில் ஆயிரம் பெண்கள் மணமேடை ஏறியிருப்பார்கள். ஒருத்திக்கும் அவர் பேர் தெரியாது. ஆனால் 'கிரிக்கெட் கைலாசம்' என்றால் தென்னேரி ஏரியில் நிற்கும் கொக்குக்குக்கூடத் தெரியும். அந்தப் பேருக்குத்தான் இன்று ஆபத்து.

"நான் கண்ணால பார்த்தேன்பா," மாணிக்கவேல் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "கடைசி ஓவரு. ஆறே ரன்னு வேணும். இவருக்குக் காபி எடுத்துக்கினு போறேன், தறிக்குழி காலியா இருக்குது. இவரு கூடத்துல தூணப் புடிச்சிக்கினு நிக்கிறாரு. லோகேஷ் வூட்டுக்கு ஓடியாறேன். உள்ள கால வைக்கிறேன், டிவில ஸ்டெம்பு எகிறுது. இதுக்கு மேல சாட்சி வேணுமா?"

"அரை நிமிஷம் உக்கார முடியாதா இவரால?" என்று ஒரு குரல் விம்மியது.

"இடுப்புல இன்னா எறும்பா கடிச்சிது?" என்றது இன்னொன்று.

கைலாசம் எல்லா ஏச்சையும் கல்லுப் பிள்ளையார் மாதிரி வாங்கிக்கொண்டு நின்றார்.

வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் லோகேஷுக்கு மனசு கேட்கவில்லை. "விடுங்க அங்கிள். இவரு உக்காந்தா இன்னா, எழுந்தா இன்னா? மேட்ச் எங்கியோ நடக்குது, தறி இங்க இருக்குது. ரெண்டுக்கும் இன்னா கனெக்‌ஷன்? இவர் மேல ஒரு தப்பும் இல்ல."

அதுவரை குனிந்திருந்த கைலாசம் விலுக்கென்று நிமிர்ந்தார்.

"தம்பி, எனக்காக நீ பரிஞ்சி பேச வாணாம். தப்பு என்னுதுதான். நாடே அழுவுதுன்னா அதுக்கு நான் ஒருத்தன்தான் காரணம். நீங்க இன்னா தண்டனை குடுத்தாலும் ஏத்துக்கறேன்பா."

இப்படி ஒரேயடியாக ஒப்புக்கொண்டவரை அதற்குமேல் என்ன செய்வது? கூடிப் பேசினார்கள். கடைசியில் மாணிக்கவேல் தீர்ப்புச் சொன்னார்.

"அடுத்த உலகக் கோப்பைக்கு இவர இடுப்புல கயிறு போட்டுத் தறியோட கட்டிடணும்."

"கட்டுங்கபா. ரெட்டை முடிச்சா போடுங்க," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார் கைலாசம்.

கூட்டம் சபித்துக்கொண்டே கலைந்தது. கைலாசம் தளர்ந்த நடையில் வீட்டுக்குள் நுழைந்தார். உள்ளே அவர் மனைவி கமலாட்சி கொதித்துக்கொண்டிருந்தாள்.

"அத்தினி பேரும் வாய்க்கு வந்தபடி ஏசறான், நீங்க வாயில கொழுக்கட்டைய வச்சிக்கினு நிக்கிறீங்க. நான் பக்கத்துலதான இருந்தேன்? பின்தெருக்காரங்க வூட்டுல கேபிள் டிவி. 'அவுட்டு, போச்சு'ன்னு அவங்க கத்தினதுக்கு அப்புறந்தான நீங்க எழுந்தீங்க? லோகேஷ் வூட்டுல இன்டர்நெட் டிவி, அதுல எல்லாமே அரை நிமிஷம் கழிச்சிதான் வரும். நீங்க எழுந்ததுக்கு முன்னாடியே மேட்சு முடிஞ்சிபோச்சின்னு ஒரு வார்த்தை சொன்னா இன்னா?"

கைலாசம் அவசரமாகத் தெருக்கதவைச் சாத்தித் தாழ்போட்டார்.

"மெதுவா பேசு கமலாட்சி. தோத்தது என்னால இல்லன்னு ஆயிட்டா, இத்தினி வருஷம் ஜெயிச்சதெல்லாம் யாரால?"