வளைவில் நின்ற லாரி

"சாவியை மேசையில வச்சுட்டுக் கிளம்பு!"

முதலாளி பிச்சைமணி போட்ட சத்தத்தில், சரக்குக் கிட்டங்கியில் ஏலக்காய் தரம் பிரித்துக்கொண்டிருந்த பெண்கள் சல்லடையை நிறுத்திவிட்டார்கள்.

டிரைவர் பால்சாமி வாயைத் திறக்கவில்லை. முதலாளிக்கு அதுதான் இன்னும் எரிச்சல்.

"இடிச்சபுளி மாதிரி நிக்கிறதைப் பாரும்மா சோனியா!"

சோனியா அவருடைய மருமகள். லாரிகளைக் கண்காணிக்கிற சாப்ட்வேரைக் கம்பெனிக்குள் கொண்டுவந்ததே அவள்தான். எந்த லாரி எப்போது மலையேறணும், எந்தத் தோட்டத்துக்கு உரம் போகணும், இறங்கும்போது யார் ஏலக்காயை ஏத்தி வரணும், எல்லாவற்றையும் அதுவே சொல்லிவிடும்.

"ஏன்மா, நம்ம மலையில இருக்குற வளைவெல்லாம் கம்ப்யூட்டருக்குத் தெரியுமாக்கும்?" என்று முதலில் நக்கலடித்தவர்தான் பிச்சைமணி. அப்புறம் அவருக்கே ஆசை வந்துவிட்டது. "கம்பெனி வண்டி ஒண்ணைக்கூட விடாம அந்த ஜி.பி.எஸ். பெட்டியை மாட்டிரு" என்று உத்தரவு போட்டார்.

மாட்டினாள். போடிமெட்டுக்கு லாரி காலியாக ஏறுவதே நின்றுபோனது. வாடகை லாரிக்காரனைக் கெஞ்சுகிற சோலி இல்லை. டீசல் செலவு மளமளவென்று குறைந்தது. 'லோடுக்கு எவ்வளவு கார்பன் புகை?' என்று குடைந்துகொண்டிருந்த வெளிநாட்டு வியாபாரி, குறைந்த கணக்கைப் பார்த்துவிட்டு அடுத்த வருஷத்துக்கும் சேர்த்து ஆர்டர் கொடுத்துவிட்டான். பிச்சைமணியைக் கடைவீதியில் கையில் பிடிக்க முடியவில்லை!

ஒரே ஒரு குறை. பால்சாமியின் லாரியை மட்டும் சாப்ட்வேர் சிவப்பில் காட்டியது. மலை இறங்கும்போது வளைவுக்கு வளைவு, இன்ஜின் ஓட ஓட, லாரி சும்மா நிற்கிறதாம். டீசலும் வீண், புகையும் வீண்.

"எதுக்கு நிக்கிறான்? ஏலக்கா மூட்டையை இறக்கி விக்கத்தான்! வேற கிட்டங்கியில இருந்து வந்த ஆளு. வந்த நாள்ல இருந்தே எனக்கு இவன் மேல ஒரு கண்ணு."

"மூட்டை எதுவும் குறையலையே மாமா?"

"இன்னும் வாகா ஆள் சிக்கலைன்னு அர்த்தம்!"

இன்னொரு டிரைவர் ஜக்கையனுக்குப் பொறுக்கவில்லை. "அண்ணே, எதுக்கு நின்னீங்கன்னு சொல்லித் தொலைங்க. இப்பத்தான் மகளைக் காலேஜுல சேத்துருக்கீங்க. வேலை போச்சுன்னா புள்ள படிப்பு என்னாகும்?"

பால்சாமியின் கண் கலங்கியது. ஆனாலும், "விடுப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு, சாவியை எடுத்து மேசையில் வைத்தார்.

சோனியாவுக்கு மனசு கேட்கவில்லை. "இருங்க மாமா. நேத்து லாரி இறங்கினதைக் கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பாப்போம். மத்த வண்டிகளையும் சேத்தே காட்டுறேன்."

"காட்டு! எவனாச்சும் கூட்டாளி இருந்தா அவன் சாவியையும் வாங்கிருவேன். யாரா இருந்தாலும் சரி!"

கம்ப்யூட்டரில் போடிமெட்டு ரோடு விரிந்தது. பால்சாமியின் லாரி ஒரு புள்ளியாக இறங்கியது. முதல் வளைவில் நின்றது.

மேலே இருந்து இன்னொரு புள்ளி ஊர்ந்து வந்தது. அது கிட்டத்தில் வந்ததும் லாரி கிளம்பியது.

அடுத்த வளைவிலும் நின்றது. மறுபடியும் அந்தப் புள்ளி வந்தது. லாரி கிளம்பியது. அடிவாரத்து முந்தல் வரைக்கும் இதே கூத்து.

"மாட்டுனான் பாரு! எவன் வண்டி அது?" பிச்சைமணி துள்ளிக் குதித்தார்.

சோனியா அந்தப் புள்ளியைத் தொட்டாள். மாமாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"நம்ம ஜீப்பு மாமா. நீங்க ஓட்டுற ஜீப்பு."

சல்லடைப் பக்கம் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தினமும் 'தோட்டத்தைப் பாத்துட்டு வர்றேன்' என்று போகிறவர் எதைப் பார்க்கப் போகிறார் என்பது ஊருக்கே தெரிந்துபோனது.

"ஆமா, பின்னாடியேதான் போனேன்! களவைப் பிடிக்கத்தான் போனேன்!"

"அத்தனை நாள் போனீங்களே மாமா, ஒரு மூட்டையாச்சும் இறங்குனதைப் பாத்தீங்களா?"

பிச்சைமணி மூக்கைச் சொறிந்தார். "...இல்ல."

"அப்ப ஜெயிச்சுட்டோம் மாமா! ஜீப்பு பின்னாடி போகலைன்னா லாரி நிக்காது. ஜீப்பு டீசலும் மிச்சம், லாரி டீசலும் மிச்சம். நம்மகிட்ட இனிமே சிவப்பு வண்டியே கிடையாது!"

டிரைவர்கள் விசிலடித்தார்கள். ஜக்கையனுக்கு வந்ததே தைரியம்! "மொதலாளி, கூட்டாளி சாவியையும் வாங்குறேன்னீங்களே?"

கிட்டங்கியே கொல்லென்று சிரித்தது. பிச்சைமணி முறைத்துப் பார்த்தார். முடியவில்லை. அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஜீப் சாவியை உருவி மேசையில் போட்டார். லாரி சாவியை எடுத்து பால்சாமியின் கையில் திணித்தார்.

"ஆனா ஒண்ணு கேக்குறேன்டா. நான் பின்னாடி வர்றது உனக்குத் தெரிஞ்சிருக்கு. விட்டுட்டு வெரசா போயிருக்கலாம்ல? எதுக்கு நின்னு நின்னு போன?"

பால்சாமி தயங்கினார். எல்லோர் முன்னாலும் சொல்வதா என்பதுபோல் சோனியாவைப் பார்த்தார். அவள் தலையாட்டினாள்.

"எனக்குத் தெரியக் கூடாதுன்னு, அந்த மூடுபனியில நீங்க லைட்டைப் போடாம வர்றீங்க மொதலாளி. போன மழையில ஒரு வளைவுல ஜீப்பு தடுப்புச் சுவத்துல உரசிட்டு நின்னுச்சு. கண்ணாடியில பாத்தேன். அன்னையில இருந்துதான், என் பின்லைட்டைப் பாத்தாச்சும் நீங்க பத்திரமாத் திரும்பட்டும்னு, வளைவுக்கு வளைவு நின்னு வர்றேன்."