எடுத்த நடவடிக்கை: சாக்லேட்

“கோளாறு: படுக்கையறைக் கதவு ஓங்கிச் சாத்தப்பட்டது. நேரம்: மாலை 5.40. எடுத்த நடவடிக்கை: சாக்லேட். பலன்: இல்லை.” படித்துவிட்டு டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “என்ன சார் இது?”

“பொண்ணோட மூணு மாச ரெக்கார்டு, டாக்டர். நீங்கதானே எழுதிட்டு வரச் சொன்னீங்க?”

“நான் உங்க பொண்ணை எழுதச் சொன்னேன்.”

“அவ முடியாதுன்னுட்டா. அதான் அவளுக்குத் தெரியாம நானே...” என்று இழுத்தார் அவர்.

அவர் லிப்ட் மெக்கானிக். எந்த லிப்ட் எந்த மாடியில் நின்று உயிரை வாங்கும் என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். வீட்டிலிருந்த பதினைந்து வயசுதான் பிடிபடவில்லை. மாதத்தில் மூன்று வாரம் அப்பா அப்பா என்று சுற்றிவருகிறவள், நாலாவது வாரம் அவர் தும்மினாலும் எரிந்து விழுவாள். அப்புறம் அதற்காக அவளே உட்கார்ந்து அழுவாள். மனைவிக்கு வெளியூரில் வேலை. வாரக் கடைசியில்தான் வருவாள். மகள் கணக்குப் பரீட்சையில் விடைத்தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் பாதியில் வீட்டுக்கு வந்த அன்றைக்குத்தான் அவர் பயந்துபோய் இங்கே கூட்டிவந்தார்.

“மாதவிடாய்க்கு முந்தின நாட்கள்ல சிலருக்கு இப்படி ஆகும். தேதி போட்டு பொண்ணை எழுதிட்டு வரச் சொல்லுங்க, பார்த்து முடிவு பண்ணலாம்” என்று அன்று சொல்லியிருந்தார் டாக்டர்.

எழுதுவதென்றால் அவருக்குத் தெரிந்தது கம்பெனி சர்வீஸ் புத்தகம் ஒன்றுதான். பழசு ஒன்று வீட்டில் கிடந்தது. தொழில் பழக்கத்தில் பேனாவை அழுத்தி எழுதுவார். தாளைக் கிழித்து டூல் பைக்கு அடியில் ஒளித்துவிட்டு, புத்தகத்தைப் பழையபடி டிவி மேஜைமேல் போட்டுவிடுவார். உளவுத்துறைக்குப் போயிருக்க வேண்டிய ஆள் என்று தன்னைப் பற்றி அவருக்கே ஒரு நினைப்பு.

மகளை எடை பார்க்க நர்ஸ் அழைத்துப்போயிருந்த நேரத்தில்தான் அந்தத் தாள்களை டாக்டரிடம் நீட்டியிருந்தார்.

“‘கோளாறு: காரணமில்லாத அழுகை. நடவடிக்கை: ஏன் அழுகிறாய் என்று பதினோரு முறை கேட்கப்பட்டது. பலன்: அழுகை அதிகரிப்பு.’ பதினோரு தடவையா?”

“எண்ணித்தான் எழுதினேன், டாக்டர். ரிப்போர்ட்ல பொய் எழுத மாட்டேன்.”

“‘நடவடிக்கை: அந்த நாளா என்று விசாரிக்கப்பட்டது. பலன்: தலையணை வீச்சு. மெக்கானிக்குக்குக் காயமில்லை.’” டாக்டர் சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றார். “கடைசிக் கட்டம் மட்டும் காலியா இருக்கே?”

“அது வாடிக்கையாளர் கையெழுத்துப் போடுற இடம். அவகிட்ட நீட்டிட்டு நான் உயிரோட இருக்கவா?” என்றவர், கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். “ஆனா ரெண்டாவது மாசத்துல இருந்து பாருங்க. எனக்கே பிடிபட்டுடுச்சு. ஒருநாள் சோபாவுல வெந்நீர்ப் பை கண்ணுல பட்டுது. சட்டுனு தோணுச்சு, கேள்வியே கேக்காம வெந்நீர் ஊத்திக் குடுத்தேன். வாங்கிக்கிட்டா! போன மாசம் பாருங்க, போன்ல சார்ஜ் தீர்ந்துபோச்சு, சார்ஜரையும் காணோம். வேற வேலை இல்லாம அவ பக்கத்துல சும்மா உக்காந்தேன். தோள்ல சாய்ஞ்சுட்டா, டாக்டர். எல்லாம் அனுபவம்தான்.”

“சந்தோஷம். தேதியும் ஒத்துப்போகுது. ஒவ்வொரு மாசமும் அதே வாரம்தான். ஆனா இதெல்லாம் நீங்க வெளியிலேருந்து பார்த்தது. உள்ளே அவளுக்கு என்ன பண்ணுது? தலைவலியா, தூக்கமில்லையா, பயமா? அது தெரியாம நான் மருந்து எழுத முடியாது. அவளே இன்னும் ரெண்டு மாசமாவது எழுதணும்.”

“அதுக்குள்ள பெரிய பரீட்சை வந்துடும், டாக்டர்!”

டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். கதவுச் சத்தத்தை நிமிஷம் பிசகாமல் குறித்த மகானுக்கு, பெற்ற பெண்ணுக்கு எங்கே வலிக்கிறது என்று தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

கதவு திறந்தது. மகள் வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அவர் அவசரமாக மேஜைமேலிருந்த தாள்களைக் கைக்குட்டையால் மூடினார். பாதிதான் மறைந்தது.

“அப்பா, ஒரு கேள்வி. சர்வீஸ் புத்தகத்துல மேல்தாள் உங்க ஆபீசுக்கு. கார்பன்ல விழுற அடித்தாள் யாருக்கு?”

இருபத்திரண்டு வருஷமாகச் சொல்லிப் பழகிய வாய் தானாகத் திறந்தது. “வாடிக்கையாளருக்கு.”

சொன்ன பிறகுதான் உறைத்தது.

அவள் பையிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்து டாக்டரிடம் கொடுத்தாள். அடித்தாள் ஒவ்வொன்றிலும், அவருடைய எழுத்துக்குக் கீழே அவளுடைய எழுத்து.

டாக்டர் மெதுவாகப் படித்தார். “‘இடது பக்கம் தலைவலி. மூணு மணி நேரம்தான் தூக்கம். காரணமே இல்லாம பயமா இருக்கு. சாக்லேட் வேண்டாம். அலமாரியிலிருந்து வெந்நீர்ப் பையை எடுத்து, அப்பா கண்ணில் படுகிற மாதிரி சோபாவில் வைத்தேன்.’”

இன்னும் சில தாள்களைப் புரட்டினார். “‘யாராவது பக்கத்தில் சும்மா உட்கார்ந்தால் போதும். அப்பாவோட சார்ஜரை ஒளித்துவிட்டேன்.’”

மருந்துச்சீட்டைக் கையருகே இழுத்துக்கொண்டு, கடைசித் தாளை அவர் பக்கம் திருப்பிவைத்தார் டாக்டர். வாடிக்கையாளர் கட்டத்தில் மகளின் கையெழுத்து இருந்தது. அதற்குமேல் ஒரு வரி: ‘கோளாறு இன்னும் சரியாகவில்லை. மெக்கானிக் சரியாகிவிட்டார்.’