அணைக்காதீங்க அண்ணி

"ஒரு மணி நேரம் உட்காரக் கொடுத்தா உங்க கம்ப்யூட்டர் தேய்ஞ்சா போயிடும்?"

நாத்தனார் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள். பின்னால் அவள் மகள், தலையைக் குனிந்தபடி.

"அப்டேட் ஓடுது அண்ணி. இப்பத் தொடக் கூடாது" என்றாள் தம்பி மனைவி, இடுப்பில் குழந்தையோடு.

"நேத்தும் இதையேதான் சொன்னே. ஊர்ல எல்லாருக்கும் பத்து நிமிஷத்துல முடியுது."

"விண்டோஸ் மாதிரி இல்ல, இந்த லினக்ஸ்ல எதுவும் ரெடிமேடா வராது அண்ணி. ஒவ்வொண்ணையும் அதுவே முதல்ல இருந்து செஞ்சுக்கணும். இருபத்தேழு மணி நேரமா ஓடுது. இன்னும் பதினோரு புரோகிராம்தான் பாக்கி."

"இதே கண்றாவியத்தானே என் பொண்ணு லேப்டாப்லயும் உன் புருஷன் போட்டு வச்சான்? அப்டேட் பாதியில நின்னு ஒண்ணும் திறக்கல. நாளைக்குக் காலைல ப்ராஜெக்ட் கொடுக்கலைன்னா பரீட்சை எழுத விடமாட்டாங்க. மாமனுக்குத் தன் பெட்டிதான் பெருசு."

சொல்லிக்கொண்டே சுவிட்சை நோக்கிக் கையை நீட்டினாள்.

கல்யாணமாகி மூன்று வருடத்தில் நாத்தனாரை நிமிர்ந்துகூடப் பார்க்காதவள், குறுக்கே வந்து நின்றாள்.

"வேண்டாம் அண்ணி."

"அஞ்சாவது படிச்ச உனக்கு இதுல என்னடி தெரியும்?"

"நின்னா மறுபடி ஓட விடத் தெரியும். நேத்துலருந்து மூணு தடவை நின்னுச்சு. நாலு வேலைய ஒண்ணாச் சொன்னா அதுக்கு மூச்சு முட்டுது. ஒண்ணொண்ணாச் செய்யச் சொன்னேன், ஓடுது."

"பேச்சுக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. அவன் வரட்டும்."

லேத் பட்டறையிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு வந்தான் தம்பி. எண்ணெய்க் கையோடு நேராகத் திரையைத்தான் பார்த்தான்.

"முடிஞ்சிருச்சே."

"சந்தோஷம்டா. இனிமேலாவது என் பொண்ணை உட்கார விடுவியா?"

அவன் மனைவியைப் பார்த்தான். "நீ சொல்லலையா?"

"கடைசில கெட்டுப்போனா அண்ணிக்கு இன்னும் வருத்தமா இருக்கும். முடியட்டும்னு இருந்தேன்."

"என்னடா சொல்லல?"

"இந்த அப்டேட் எங்க பெட்டிக்கு இல்லக்கா. உன் பொண்ணு லேப்டாப்புக்குத்தான். அதுக்குத் தெம்பு பத்தாது, தானே செஞ்சுக்க ஒரு வாரம் ஆகும். இங்க செஞ்சாச்சு, சாயங்காலம் அதுல ஏத்திட்டா ஓடும். எனக்கே இந்த யோசனை வரல. இவதான் கேட்டா, 'தையல் மெஷின் இல்லாதவங்களுக்கு நம்ம மெஷின்ல தைச்சுக் கொடுக்கறது இல்லையா'ன்னு."