மூன்று வரி இங்கிலீசு

கல்வராயன் மலையடிவாரத்துக் குழந்தைகள் இல்லத்தின் கேட்டருகே டாக்சி நிற்கிறது. புழுதி அடங்குவதற்குள் உள்ளே கைதட்டல் தொடங்கிவிடுகிறது. மூன்று மாதம் சேவை செய்ய டென்மார்க்கிலிருந்து வந்திருக்கும் ஹெல்கா, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு இறங்குகிறாள். புளியமரத்து நிழலில் சாலம்மாள் நிற்கிறாள். கரும்பு வெட்டிக் காய்த்துப்போன கையில் மகளுக்கு வாங்கிய கடலை உருண்டைப் பொட்டலம். மாதத்தில் ஒரு ஞாயிறுதான் மகளைப் பார்க்க விடுவார்கள், அது இன்றைக்கு. "வெள்ளக்காரம்மா உள்ள போற வரைக்கும் யாரோ மாதிரி நில்லு," என்று வார்டன் ராதிகா சொல்லியிருக்கிறாள். சாலம்மாளும் யாரோ மாதிரிதான் நிற்கிறாள். ராதிகா கண்ணைக் காட்டியதும், ஹெல்காவின் பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு பின்னாலேயே போகிறாள்.

வரிசையின் முன்னால் அவள் மகள் அருள்மொழி, ஒன்பது வயது, சாமந்தி மாலையோடு நிற்கிறாள். ஒரு வாரமாக ஒத்திகை பார்த்த பேச்சு, தப்பினால் பிரம்பு. "மை நேம் இஸ் அருள்மொழி. மை மதர் இஸ் நோ மோர். வெல்கம் டு அவர் ஹோம்." ஹெல்கா கண் கலங்கி, மண்டியிட்டுச் சிறுமியை அணைத்துக்கொள்கிறாள். அந்தத் தோளுக்கு மேலாக அருள்மொழி அம்மாவைப் பார்க்கிறாள். உடனே மண்ணைப் பார்க்கிறாள். பெட்டிக்குக் கீழே சாலம்மாளுக்கு முகமெல்லாம் பல். பக்கத்தில் நிற்கும் சமையல்காரியிடம் குனியாமல் கிசுகிசுக்கிறாள்:

"மதர்னா அம்மாதான அக்கா? என்னப் பத்தி இன்னாமா சொல்லுது பாரு எம் பொண்ணு!"